அண்ணனைப் பிடித்த க்ஷயம் தம்பியை விட்டது ஏன்?

விருத்தாசலத்துக்கு அருகே, வெள்ளாற்றை ஒட்டி இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. இந்த ஊரிலோ, இதைப் போன்ற வேறு எந்த ஊரிலோ, ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி இருவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே பானைச் சோறு, ஒரே பாய், ஒரே கூரை. அண்ணனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பு துரும்பாகிவிட்டது. ஒரு நாள் சளியில் இரத்தம் கண்டது. ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள், க்ஷயரோகம் என்றார்கள்.

தம்பியையும் சோதித்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் இருமிய காற்றையே அவனும் மாதக்கணக்கில் சுவாசித்தவன்தான். ஆனாலும் கருங்கல் மாதிரி நிற்கிறான்.

தாயார் டாக்டரிடம் கேட்கிறாள்: "ரெண்டு புள்ளைக்கும் நான் ஒண்ணாத்தானே சோறு போட்டேன், ஐயா? பெரியவன மட்டும் இது ஏன் புடிச்சுது?"

இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லக்கூடிய டாக்டர் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் பதிலில் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. அதைத் தேடியவர்களில் நம் மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் உண்டு.

நூற்றுக்குப் பத்துப் பேர்

க்ஷயக் கிருமி உடம்பில் புகுவது வேறு. க்ஷயரோகம் வருவது வேறு. பலருக்கு இது தெரியாது. உலக மக்களில் நான்கில் ஒருவரின் உடலில் இந்தக் கிருமி ஒரு காலத்தில் புகுந்திருக்கிறது என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஆயுள் முழுவதிலும் நோயாளியாகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்கள் கிருமியை உள்ளேயே சிறை வைத்துவிட்டு, அது இருப்பதே தெரியாமல் கலியாணம் செய்து, பேரன் பேத்தி கண்டு, வேறு ஏதோ காரணத்தால் காலமாகிறார்கள்.

சின்னப் பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. 2023-ம் வருஷத்தில் மட்டும் உலகில் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. பன்னிரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. நோய் கண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர்.

அப்படியானால் அந்தப் பத்துப் பேர் யார்? தொண்ணூறு பேர் யார்? எதை வைத்து இந்தப் பிரிவினை?

பெண் எடுக்க மாட்டார்கள்

நம் முன்னோர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். "அது அந்தக் குடும்பத்து வியாதி" என்பார்கள். தகப்பனுக்கு இருந்தது, பிள்ளைக்கு வந்தது. அக்காளுக்கு இருந்தது, தங்கைக்கு வந்தது. கண்ணால் பார்த்த உண்மைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எத்தனை பெண்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது! தாலி கட்ட நாள் குறித்த பிறகும், "பெண்ணின் சித்தப்பா இருமியே செத்தாராம்" என்ற செய்தி எட்டினால் போதும், மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்தப் பேச்சு இன்றைக்கும் அடியோடு ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அன்றோடு பரம்பரைப் பேச்சு அடிபட்டது. ஒரு குடும்பத்தில் பலருக்கு நோய் வருவது இரத்தத்தால் அல்ல, ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசிப்பதால் என்று தெளிவாயிற்று. டாக்டர்கள் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. 1930-ல் ஜெர்மனியில் லூபெக் நகரத்தில் ஒரு கோரம் நடந்தது. பிறந்த குழந்தைகளுக்கு வாய் வழியே கொடுத்த பி.சி.ஜி. மருந்தில், சோதனைச்சாலையில் நேர்ந்த தவறால், உயிருள்ள கொடிய க்ஷயக் கிருமி கலந்துவிட்டது. சுமார் 250 குழந்தைகள் அதை விழுங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் மிச்சம் பேர்? பெரும்பாலோர் நோயோடு போராடிப் பிழைத்துக்கொண்டார்கள். மருந்தே இல்லாத காலம் அது! எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவு கிருமியை விழுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்ற எண்ணம் டாக்டர்கள் மனத்தை விட்டு அகலவில்லை.

1943-ல் நியூயார்க்கில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. உருவம் உரித்துவைத்தாற்போல் இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு க்ஷயம் வந்தால், மற்றவருக்கும் வருவது அதிகமாக இருந்தது. வேறு வேறு சாயலில் பிறந்த இரட்டையரிடம் அவ்வளவு இல்லை. இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களே. ஆகவே காற்றையும் சோற்றையும் தவிர வேறு ஏதோ ஒன்று இருக்கிறது!

விருத்தாசலத்து அச்சு

அது என்ன என்று புரிந்துகொள்ள, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலம் போனால் போதும். பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே பொம்மை செய்கிறவர்களிடம் பிளாஸ்டர் அச்சுகள் இருக்கும். களிமண் குழம்பை அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சில் எங்கே பள்ளமோ அங்கே பொம்மைக்கு மூக்கு. எங்கே மேடோ அங்கே குழி. அச்சு மாறினால் உருவமும் மாறிவிடும்.

நம் உடம்பின் அணுக்களிலும் இப்படி ஒருவகை அச்சு இருக்கிறது. எச்.எல்.ஏ. என்பது அதன் பெயர். அவற்றைச் செய்வதற்கான குறிப்பு ஆறாவது குரோமோசோமில் உள்ள ஜீன்களில் எழுதியிருக்கிறது. முதல் அடையாளத்தை 1958-ல் கண்டறிந்தவர் ழான் தோசே என்ற பிரெஞ்சு டாக்டர். சிறுநீரகம் மாற்றி வைக்கும்போது "பொருத்தம் பார்க்கிறார்கள்" என்று கேள்விப்படுகிறோமே, அது இந்தப் பொருத்தந்தான். ஜாதகப் பொருத்தத்தைவிடக் கறாரானது.

பீங்கான் அச்சு பொம்மையைச் செய்கிறது. உடம்பின் அச்சோ கிருமியின் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதில் நடுவே ஒரு நீண்ட பள்ளம் உண்டு. 1987-ல் அமெரிக்காவில் பமீலா பியார்க்மன், டான் வைலி முதலான விஞ்ஞானிகள் அந்தப் பள்ளத்தின் வடிவத்தை எக்ஸ்ரே கதிர்களின் உதவியால் முதன்முதலாகக் கண்டு வெளியிட்டார்கள்.

க்ஷயக் கிருமி நுரையீரலுக்குள் போனதும் அங்கே காவல் இருக்கும் விழுங்கும் அணு ஒன்று அதை விழுங்குகிறது. மற்றக் கிருமிகள் அந்த வயிற்றில் ஜீரணமாகிவிடும். க்ஷயக் கிருமி தந்திரசாலி. விழுங்கியவன் வயிற்றிலேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். விழுங்கிய அணு தன்னால் ஆன மட்டும் கிருமியின் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டை எச்.எல்.ஏ. பள்ளத்தில் பதித்து, வாசலில் தூக்கிப் பிடிக்கிறது. "என் வீட்டுக்குள் திருடன் இருக்கிறான், இதோ அவன் வேட்டியின் கிழிசல்" என்று கூவுவதுபோல.

அந்தக் கூக்குரலைக் கேட்க வருகிறவைதான் டி அணுக்கள். மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளிவரும் வெள்ளை அணுக்கள் இவை. ஒவ்வொரு டி அணுவும் ஒரே ஒரு வகைக் கிழிசலைத்தான் அடையாளம் காணும். தனக்குரிய கிழிசலைக் கண்டதும் அது பல்கிப் பெருகுகிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கிறது. அது பட்டதும், சோர்ந்து கிடந்த விழுங்கும் அணு சீறி எழுந்து வயிற்றிலிருக்கும் கிருமியைத் தாக்குகிறது. எல்லாம் ஒன்று சேர்ந்து கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடுகின்றன.

இதில் டி அணுக்களின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு எய்ட்ஸ் நோயே சாட்சி. எய்ட்ஸ் வைரஸ் இந்த வகை டி அணுக்களைத்தான் அழிக்கிறது. அழிந்ததும் முந்திக்கொண்டு வருவது க்ஷயம்.

பள்ளத்தில் எது உட்காரும்?

இப்போது அண்ணன் தம்பிக்கு வருவோம். க்ஷயக் கிருமியிடம் ஏறக்குறைய நாலாயிரம் வகைப் புரதங்கள் இருக்கின்றன. நறுக்கினால் எத்தனையோ துண்டுகள். எல்லாத் துண்டும் எல்லாப் பள்ளத்திலும் உட்காராது. ஒருவருடைய பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் துண்டு, இன்னொருவருடைய பள்ளத்தில் நழுவிவிடும். நழுவினால் டி அணுவுக்குச் செய்தி போகாது.

இந்த ஜீன்களில் தகப்பன் வழியில் ஒரு கட்டு, தாய் வழியில் ஒரு கட்டு வருகிறது. உடன்பிறந்த இருவருக்கு இரண்டு கட்டும் அப்படியே ஒத்திருக்க நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒன்றுகூட ஒத்திராமல் போகவும் நாலில் ஒரு பங்கு உண்டு! ஒரே பாயில் படுத்தவர்கள்தான். ஆனால் அண்ணனின் அச்சு வேறு, தம்பியின் அச்சு வேறாக இருக்கலாம். உலக மக்களிடம் இந்த அச்சுகள் பல்லாயிரம் தினுசாகக் காணப்படுகின்றன.

மதுரையும் சென்னையும்

தமிழ் மக்களிடம் எந்த அச்சு க்ஷயத்தோடு சேர்ந்து வருகிறது? இதை ஆராய்ந்தவர் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தின் டாக்டர் ஆர். எம். பிச்சப்பன். ஆப்பிரிக்காவிலிருந்து ஆதி மனிதன் வந்த வழியின் சுவட்டை உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் காட்டினாரே, அவரேதான். அவரும் உடன் ஆராய்ச்சியாளர்களும், சென்னை க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு 1991-ல் வெளிவந்தது. தென்னாட்டு நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டதில், எச்.எல்.ஏ. டி.ஆர்.2 என்ற வகை நோயாளிகளிடம் அதிகமாக இருந்தது. மோட்டார் வண்டி நம்பர் மாதிரிப் பெயர். என்ன செய்வது, விஞ்ஞானிகள் வைத்தது! டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தாரும் 1990-களில் வடநாட்டு நோயாளிகளிடம் அதே டி.ஆர்.2-ஐச் சுட்டிக்காட்டினார்கள். 1989-லேயே இந்தோனேசியாவிலும் அது தென்பட்டிருந்தது. அங்கே அந்த அச்சுள்ள நோயாளிகளின் இரத்தத்தில் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏராளமாக மிதந்தன. ஆனால் கிருமி இருப்பதோ அணுவின் வயிற்றுக்குள்! வெளியே எத்தனை ஆயுதம் மிதந்து என்ன பயன்?

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பி. செல்வராஜும் அவர் குழுவினரும் டி.ஆர்.2-ஐ மேலும் துருவினார்கள். அதோடு, வைட்டமின் 'டி'யை உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஜீனையும் ஆராய்ந்தார்கள். வைட்டமின் 'டி' வெயிலில் கிடைப்பது. 1928-ல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து சானடோரியம் கண்ட காலத்தில், நல்ல காற்றையும் வெயிலையுந்தான் மருந்தாக நம்பினார்கள். காரணம் தெரியாமலே கைக்கொண்ட வைத்தியம்!

அச்சுக்கும் டி அணுவுக்கும் உள்ள சம்பந்தத்தை நேருக்கு நேர் காட்டியது கம்போடியா நாட்டில் நடந்த ஆராய்ச்சி. அங்கே 1998-ல் வேறு ஓர் அச்சு, டி.க்யூ. வகையைச் சேர்ந்தது, நோயாளிகளிடம் மிகுந்திருந்தது தெரிந்தது. பிறகு 2006-ல் அதன் பள்ளத்தை நுணுகிப் பார்த்தார்கள். 57-வது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாற்றமுள்ள அச்சில், ஈசாட்-6 என்ற கிருமிப் புரதத்தின் துண்டு சரியாக ஒட்டுவதில்லை. ஒட்டாததால் டி அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் குறைந்துவிடுகிறது. ஒரு சிறு மேடு, ஒரு சிறு பள்ளம். காவற்காரன் காதில் செய்தி அரைகுறையாகத்தான் விழுகிறது.

அப்படியென்றால் டி.ஆர்.2 உள்ளவர்கள் எல்லாம் பயந்து நடுங்க வேண்டுமா? அதுதான் இல்லை! தமிழ்நாட்டில் அந்த அச்சைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாய் நடமாடுகிறவர்கள் எத்தனையோ லட்சம் பேர். அந்த அச்சே இல்லாமல் நோயில் விழுந்தவர்களும் உண்டு. எல்லா நாட்டிலும் ஒரே அச்சு குற்றவாளியாக அகப்படவும் இல்லை. கம்போடியாவில் ஒன்று, இங்கே ஒன்று, 2016-ல் ஐஸ்லாந்தில் வெளியான பெரிய ஆராய்ச்சியில் அதே வட்டாரத்தில் இன்னொன்று. தராசில் ஒரு தட்டைக் கொஞ்சம் தாழ்த்தும் குன்றிமணி எடைதான் இது. கலியாணத்தை நிறுத்துவதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவன் விஞ்ஞானமும் அறியாதவன், கணக்கும் அறியாதவன்.

திருடனே மணி அடிக்கிறானா?

2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி நிபுணர்களையே திகைக்க வைத்தது. உலகின் பல பாகங்களிலிருந்து க்ஷயக் கிருமிகளைத் திரட்டி, டி அணுக்கள் அடையாளம் காணும் துண்டுகளை மட்டும் ஒப்பிட்டார்கள். டி அணுக்களின் கண்ணில் மண்ணைத் தூவக் கிருமி அந்தத் துண்டுகளை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஃப்ளூ வைரஸ் அப்படித்தானே ஆண்டுக்கு ஆண்டு வேஷம் மாற்றுகிறது? ஆனால் க்ஷயக் கிருமியிடம் அந்தத் துண்டுகளே எல்லாவற்றையும்விட மாறாமல் இருந்தன!

திருடன் தன்னைப் பிடிக்கட்டும் என்று தானே மணி அடிப்பானா? அடிப்பதில் அவனுக்கு லாபம் இருந்தால் அடிப்பான். டி அணுக்களின் தாக்குதல் உக்கிரமாகும்போது நுரையீரலின் சதை உருகிக் குழி விழுகிறது. அந்தக் குழியிலிருந்துதான் கிருமி இருமல் வழியே அடுத்த ஆளுக்குப் பயணமாகிறது. ஆகவே டி அணுக்கள் பலமாகப் போராடினால் மட்டும் போதாது. சரியான துண்டைப் பார்த்து, சரியான அளவில் போராட வேண்டும்.

தடுப்பு மருந்து செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. நம் செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் தொடங்கி, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஜனங்களை வைத்து, உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை நடந்தது. வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-ல் தெரிந்தபோது உலகமே அதிர்ந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் க்ஷயத்தை அது தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். இப்போது எம்-72 என்ற புது ஊசி கடைசிக் கட்டச் சோதனையில் இருக்கிறது. 2024-ல் தென் ஆப்பிரிக்காவில் தொடங்கினார்கள். கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டவைத்துச் செய்தது அது. அந்த இரண்டின் துண்டுகள் எத்தனை தேசத்து மக்களின் அச்சுகளில் பொருந்தி உட்காரும் என்பது முக்கியமான கேள்வி.

அச்சு இருக்கட்டும், அடுப்பு?

ஜீனை மாற்ற நம்மால் ஆகாது. மாற்றக்கூடியது என்ன? மறுபடியும் சேத்துப்பட்டுக்கே போக வேண்டும். 1956-ல் அந்த நிலையம் தொடங்கியதும், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு சானடோரியத்தில் கட்டில், ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பாதியினர் நெரிசலான வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். ஒரு வருஷம் சென்றது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். ஐந்து வருஷம் கவனித்ததில், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாக வரவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளியை வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை. 2011 முதல் அதற்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

மாத்திரை இருந்தால் சாப்பாடு எப்படியிருந்தாலும் நோயாளி தேறலாம். ஆனால் கூட இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுப்பதில் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டா? அதையும் சோதித்தாயிற்று. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தாரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 750 கலோரியும் 23 கிராம் புரதமும் கிடைக்கும்படி ரேஷன் கொடுத்தார்கள். வைட்டமின் மாத்திரையும் உண்டு. 2023-ல் முடிவு வெளிவந்தது. ரேஷன் பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைவு! யாருடைய ஜீனையும் யாரும் தொடவில்லை. பட்டினி கிடக்கும் உடம்பில் டி அணுவும் பட்டினிதான்.

விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீங்கான் மண்ணை அரைக்கும் இடத்தில் பறக்கும் மெல்லிய சிலிக்காத் தூசி, நுரையீரலின் விழுங்கும் அணுக்களையே நாசம் செய்கிறது. அந்தத் தூசியில் வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களை க்ஷயம் எளிதில் பற்றுகிறது. அச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தூக்கிப் பிடிக்கும் கை முடமானால் என்ன ஆகும்? தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவதும், காற்றோட்டமும், முகமூடியும் முதலாளிமார் செய்துதர வேண்டியவை. புகையும் குடியும் நீரிழிவும் அதே வேலையைச் செய்கின்றன. நம் அண்ணன்காரன் பீடி குடிக்கிறவனா, எங்கே வேலை பார்த்தவன் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

அண்ணனுக்கு ஆறு மாதம் மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. சாப்பாட்டுச் செலவுக்கு மத்திய அரசாங்கம் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். தம்பியும் தாயாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி உள்ளே உறங்கினாலும் அது விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. தம்பியின் அச்சு என்ன அச்சு என்று எந்த டாக்டரும் இன்று பார்த்துச் சொல்லப்போவதில்லை; க்ஷயத்துக்காக அந்தச் சோதனையைச் செய்யும் வழக்கம் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அவனுடைய சளியைத்தான் கேட்பார்கள்.